கடைசியாகத் தேட வேண்டிய இடம்

தலைநகர் மின்ஸ்கிலிருந்து வந்த அதிகாரி அர்த்தூர் நல்ல மனுஷன்தான். குருவிகளை எண்ணுகிற உத்தியோகம். எங்கள் அல்ஹோவாவில் பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி, ஊரையே பெஞ்சுகளில் உட்கார வைத்து, சுவரில் படம் மாட்டி விளக்கினான். அக்டோபர் முதல் தேதி வாய்க்கால்களின் மதகுகளை அடைத்துவிடுவார்களாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வடித்துவிட்ட தண்ணீர் மெல்ல மெல்லத் திரும்பி வருமாம். இந்த எரிந்துபோன வயலெல்லாம் மறுபடியும் சதுப்பாகுமாம்.

"நிலத்தை அதோட இயற்கையான நிலைக்கே கொண்டுபோயிடுவோம்," என்று முடித்தான்.

பின் பெஞ்சிலிருந்து ஹிலார் எழுந்தான். மண்வாரி இயந்திரம் ஓட்டியே கிழவனானவன். வாய் சும்மா இருக்காது.

"தம்பி, ஒரு சந்தேகம். அறுபத்தெட்டுல உன்னை மாதிரியே ஒருத்தர் இதே செவுத்துல படம் மாட்டினார். 'இந்தச் சேறு நிலத்துக்கு வந்த நோய், குணப்படுத்தப் போறோம்'னார். நான்தான் வாய்க்காலை வெட்டினேன். இப்போ நீ வந்து, வெட்டினதுதான் நோய்ங்கற. சரி, அடைச்சுக்க. என் பொண்டாட்டிக்கும் நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு. அவளையும் இயற்கையான நிலைக்குக் கொண்டாந்து விட்டுட்டுப் போயேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் மனைவி தலைத்துணியை அவிழ்த்து அவன் முதுகில் ஒரு வீசு வீசினாள். அர்த்தூரும் சிரித்துவிட்டான். சிரிக்காதவள் முதல் பெஞ்சில் இருந்த தெக்லா ஒருத்திதான்.

"பெரிய ஜன்னல் பக்கம் தண்ணி எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. அர்த்தூர் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த ஜன்னல்மா?"

சதுப்புக்குள்ளே பச்சைப் பசேலென்று, மெத்தை போட்டதுபோல ஒரு வட்டம் இருக்கும். பூக்கூடப் பூத்திருக்கும். கால் வைத்தால் ஆள் அடியோடு போய்விடுவான். அதைத்தான் எங்கள் ஆட்கள் ஜன்னல் என்பார்கள். நிலம் வறண்டபிறகு அவையெல்லாம் கறுப்பு மண் நிரம்பிய குழிகளாகி, மேலே புல் மூடிப் போயின. பெரிய ஜன்னல் இருந்த திசையில்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் தெக்லாவின் மகன் மிகித்தா டிராக்டரோடு காணாமல் போனான். டிராக்டரும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இன்னும் பதினெட்டு நாளில் அதன்மேல் தண்ணீர் ஏறப்போகிறது. இதையெல்லாம் ஊரார் முன்னால் அவள் எப்படிச் சொல்லுவாள்?

"ஆள் உயரம் நிக்கும்," என்றான் அர்த்தூர், படத்தைப் பார்த்து.

தெக்லா தலையாட்டினாள். எழுந்து வெளியே போனாள். அவள் மருமகள் ஸீனாவும் பின்னாலேயே போனாள்.

தெக்லா நடந்து போவதைப் பார்த்தாலே எங்கள் ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம். முழங்கால் முழுசாக நிமிராது. பாதத்தை முழுசாகப் பரப்பி வைப்பாள். வைத்த கால் மண்ணைத் தொட்டு விசாரித்து, அது சரி என்ற பிறகுதான் உடம்பின் பாரம் அதன்மேல் வரும். அவள் பிறந்தது நாற்பத்திரண்டில், சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த மணல் திட்டில். சந்தைக்குப் படகு, சர்ச்சுக்குப் படகு, செத்தால் இடுகாட்டுக்கும் படகு. படகு போகாத இடத்தில் சேற்றுக்கு அடியில் மணல் வரப்பு ஒன்று பாம்புபோல வளைந்து போகும். அதன்மேல்தான் நடக்க வேண்டும். இடுகாட்டுக்குப் போகும் அந்த வரப்பில் ஏழு வளைவு. எங்கே திரும்புவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்குக் காலே தெரிந்துகொள்ளும்.

தண்ணீரை வடித்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது உங்களிடம் கதை விட்டால் நம்பாதீர்கள். கொசுவிலும் குளிர்காய்ச்சலிலும் பாதிப் பிள்ளைகள் செத்தன. உலர்த்திய அயிரையும் புளிப்புப் பழமும் தின்றே பல்லெல்லாம் ஆடிப்போன ஜனம் நாங்கள். வறண்டதும் பஸ் வந்தது, மின்சாரம் வந்தது, குழந்தைத் தலை பருமனில் உருளைக்கிழங்கு விளைந்தது. தெக்லாவும் சந்தோஷப்பட்டாள், ஏன் படமாட்டாள்? இடுப்பு மட்டும் வலிக்க ஆரம்பித்தது. கெட்டித் தரையில் நடந்து பழக்கமில்லாத எலும்பு. பக்கத்து டவுன் பின்ஸ்க்கின் ஆஸ்பத்திரியில் டாக்டர் தட்டிப் பார்த்து, "உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் இதே கதைதான், போங்க," என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்.

வேடிக்கை என்னவென்றால், வயல் மேசை மாதிரி சமமான பிறகும் எங்கள் ஆட்கள் அந்த ஏழு வளைவையும் விடவில்லை. கோதுமைக்கு நடுவே, நேராகப் போனால் கால்மணி நேரத்தில் போய்விடலாம் என்று கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் வளைந்து வளைந்துதான் போவார்கள். சவப்பெட்டி தூக்கிக்கொண்டு போனாலும் அப்படித்தான். கூட்டுப்பண்ணைத் தலைவர், "குடிச்சிருக்கீங்களாடா எல்லாரும்?" என்று கத்தினார். கொஞ்ச நாளில் அவரே அலுத்துப்போய் அந்தப் பாதையில் விதைப்பதை விட்டுவிட்டார்.

மிகித்தா அறுபத்தொன்பதில் பிறந்தான். காய்ந்த தரையில் பிறந்த முதல் பிள்ளைகளில் ஒருவன். ஒருநாள் பின்ஸ்க்கில் துணிக்கடை வரிசையில் நின்றபோது கடைக்காரி ஒருத்தி தெக்லாவின் நடையைப் பார்த்து, "வாத்து வந்தாச்சு, தொட்டியில தண்ணி ஊத்துங்கடி," என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. கூடச் சிரித்தான் ஐந்து வயது மிகித்தா, விவரம் புரியாமல். அன்றிலிருந்து தெக்லா அவனை விடவில்லை. "குதிகாலை முதல்ல வை! நேரா நட! மனுஷன் மாதிரி நட!" என்று முற்றத்தில் கோடு கிழித்து நடக்க விட்டாள். இடுகாட்டுக்குக்கூட அவனை மட்டும் நேர்ப்பாதையில் அனுப்பிவிட்டு, தான் வளைந்து வளைந்து போய்ச் சேருவாள். அவன் முன்னாலேயே போய் நின்றுகொண்டு, "என்னம்மா, ஊரையே சுத்திப் பார்த்துட்டு வர்றியா?" என்று கேலி பண்ணுவான். அவளுக்கு அதில் பெருமை. பையன் எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறான் பார் என்று.

கேலி பண்ணினாலும் அம்மா எங்கே திரும்புகிறாள் என்று அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். அது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மே மாதத்துக்குப் பிறகு மழையே இல்லை. எங்கள் கறுப்பு மண் பாதி மண், பாதி விறகு. தண்ணீர் இருந்தவரைக்கும் அது மண்ணாக இருந்தது, காய்ந்ததும் விறகாகிவிட்டது. ஆகஸ்டில் பற்றிக்கொண்டது. மேலே தீ தெரியாது. அடியில் ஊர்ந்து போகும். பூமியிலிருந்து சும்மா புகை வரும், செருப்பு சுடும், நின்றுகொண்டிருக்கும் மரம் வேர் எரிந்து பொத்தென்று விழும். தீ காட்டுக்குப் போகாமல் தடுக்க உழவு போடச் சொல்லி மிகித்தாவை டிராக்டரோடு அனுப்பினார்கள். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஸீனாவைக் கட்டி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. கறுப்பு ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் தண்ணீர்க் குப்பியும் கட்டிக்கொண்டு, நேர்கோட்டில் வயலைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. "இந்த நிலம் யாருக்குத் தெரியும்?" என்றார்கள். ஊரே தெக்லாவைக் காட்டியது.

இங்கேதான் எங்கள் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சதுப்பில் ஆள் காணாமல் போனால் ஜன்னல் பக்கம் கடைசியாகத்தான் தேட வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் திசையில் கையைக்கூட நீட்டக்கூடாது. "அங்கே போயிருப்பான்" என்று வாய் தவறிச் சொன்னால், அவனை நாமே அதற்குக் கொடுத்தது போல. அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டால் பதில் சொல்லக்கூடாது, திரும்பியும் பார்க்கக்கூடாது. ஜன்னல் ஆள் குரலில் கூப்பிடும் என்பார்கள்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். அதில் மகா புத்திசாலித்தனம் இருந்தது. தெக்லாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவள் சித்தி தோம்னா பழம் பொறுக்கப் போய்க் காணாமல் போனாள். எல்லாரும் அழுதுகொண்டே வைக்கோல் போர், படகுத்துறை, காட்டோரம் என்று தேடினார்கள். மூன்றாம் நாள் ஒரு போருக்கு அடியில் கணுக்கால் முறிந்து உயிரோடு கிடந்தாள். "பார்த்தியா? முதல்ல ஜன்னலுக்கு ஓடியிருந்தா இவ செத்திருப்பா. ஜன்னல்ல விழுந்தவன் நாலு நிமிஷத்துல போயிடுவான். அவனுக்காக அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது? மத்த எடத்துல கெடக்கிறவன்தான் காத்துட்டு இருப்பான்," என்றார் அவள் அப்பா. தண்ணீர் இருந்தவரை அது சரி. நூற்றுக்கு நூறு சரி.

தெக்லா தீயணைப்பு ஆட்களை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாள். பிறகு வைக்கோல் போர்களுக்கு. பிறகு பழைய மாட்டுத் தொழுவத்துக்கு. ஊர்ப் பெரியவர்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஹிலாரும்தான் சொல்லவில்லை. எல்லாருக்கும் முறை தெரியும், எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் வாய்க்கால் கரையில் நின்றபோது புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா" என்றா, "ஆ" என்றா, தெரியவில்லை. பெரிய ஜன்னல் பக்கமிருந்து. பக்கத்தில் நின்ற கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "திரும்பாதே! அது அவன் இல்லை!" என்று ஸீனாவின் கையைப் பிடித்து முறுக்கினாள் தெக்லா. இரண்டு பேரும் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் மற்ற எல்லா இடமும் தீர்ந்துபோயிற்று. "இனி ஜன்னலைப் பார்க்கணும்," என்றாள். ஜன்னலை ஒட்டிப் போகும் அந்த இடுகாட்டு வரப்பு ஆரம்பிக்கும் இடத்துக்குப் போனபோது இரண்டு பக்கமும் அடியில் தீ பிடித்துவிட்டது. அதுவரை நின்ற ஆல்டர் மரங்கள் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. தீயணைப்புத் தலைவர், "எம் பசங்களை அனுப்ப மாட்டேன்," என்று கையை விரித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த வசந்தத்தில் மண்வாரி கொண்டுவந்தார்கள். வயல் பக்கமிருந்து நேராக ஓட்டிப் போனதில் அதுவே பாதி புதைந்தது. அதோடு முள்கம்பி கட்டி, பலகை மாட்டி, காகிதத்தில் 'காணவில்லை' என்று எழுதி முடித்துவிட்டார்கள். பழைய வரப்பும் கம்பிக்கு உள்ளே போய்விட்டதால், இடுகாட்டுக்கு வண்டிப்பாதையில் சுற்றிப் போக ஆரம்பித்தோம். கம்பிக்கு உள்ளே பிர்ச் கன்றுகளும் செந்தட்டியும் ஆள் உயரம் வளர்ந்தன.

அப்புறம் பக்கத்து ஊர்ச் சந்தைக்காரி ஒருத்தி, எல்லைக்கு அப்பால் பிரியான்ஸ்க் பஜாரில் மிகித்தாவைப் பார்த்ததாகச் சொன்னாள். போதாதா? தெக்லா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேலை தேடிப் போயிருக்கிறான், வருவான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நவம்பரில், செத்தவர்களுக்குப் படையல் போடும் நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி வைப்போம். தெக்லாவின் புருஷன் சிதாருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. ஸீனா மிகித்தாவுக்கும் ஒன்று வைப்பாள். தெக்லா அதை எடுத்து உள்ளே போட்டுவிடுவாள். ஆறு வருஷமாக இதே சண்டை. காற்றடிக்காத மத்தியானங்களில் அவள் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டு, கம்பி வேலிப் பக்கம் முதுகைக் காட்டி, அசையாமல் நிற்பாள். ஏன் என்று ஸீனா கேட்டதில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஸீனா வாயைத் திறந்தாள்.

"அத்தே, இன்னும் பதினெட்டு நாள்தான்."

"எதுக்கு?"

"எதுக்கா? தெரியாத மாதிரி கேக்காதீங்க. தண்ணி ஏறிட்டா நின்னு அழக்கூட எடம் இருக்காது."

"பிரியான்ஸ்க்ல பார்த்தாங்கல்ல?"

"பார்த்தவ அவருக்கு மீசை இருந்துச்சுன்னு சொன்னா. உங்க மகன் என்னைக்கு மீசை வச்சாரு? சொல்லுங்க பார்ப்போம்."

தெக்லா முன்னால் நடந்தாள்.

"ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? எதுவும் கூப்பிடுறதில்ல. மிகித்தா பொண்டாட்டிங்கவும் கூசுது, விதவைங்கவும் கூசுது. பால் கறக்கிற எடத்துல 'ஏய்'ங்கறாங்க. எனக்கு முப்பத்தேழு வயசாச்சு அத்தே. அவரு செத்திருந்தா செத்தார்னு தெரியணும். அந்த வரப்பு தெரிஞ்ச ஆள் ஊர்ல வேற யாரும் இல்ல. மத்தவங்களுக்குக் கால் போச்சு, இல்ல ஆளே போயாச்சு. நீங்க காட்டலைன்னா நான் ஒத்தையாப் போவேன். நேரா நடந்து போவேன், பார்த்துக்குங்க."

"அங்கே நேரா நடந்தா போயிடுவடி!"

"அப்போ கூட வாங்க."

மறுநாள் தெக்லா அர்த்தூரிடம் போய் ஒருநாள் வேலிக்குள்ளே போக அனுமதி கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்பியை வெட்ட ஆளைக் கூப்பிடாமல் தானே குறடு எடுத்து வந்து வெட்டினான். ஹிலார் மண்வாரியைத் திட்டின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டான்.

"நான் முன்னாடி. என் கால் வச்ச எடத்துல மட்டும் வைங்க," என்றாள் தெக்லா.

கன்றுகளை விலக்கிக்கொண்டு போனாள். வளைவுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. எந்த அடையாளமும் இல்லை. சாம்பல் மேல் பாசி, பாசி மேல் புல். அவள் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, பாதத்தைப் பரப்பிப் பரப்பி வைத்துப் போனாள். இரண்டடி பக்கத்தில் ஹிலார் கடப்பாரையால் குத்திப் பார்த்தான். கடப்பாரை பாதிக்கு மேல் சர்ரென்று உள்ளே இறங்கியது. "கடவுளே," என்று முனகிவிட்டு அவள் கால்தடத்துக்குத் திரும்பினான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் நின்றாள்.

நாற்பது அடிக்கு அப்பால் தரை அகன்ற பள்ளமாக உள்வாங்கியிருந்தது. செந்தட்டிக்கு நடுவே துருப்பிடித்த டிராக்டர் கூரையின் மூலையும் புகைக்குழாயும் தெரிந்தன. பெரிய ஜன்னல்தான். மேலே கெட்டியாக, அடியில் வெறும் சாம்பலாக இருந்த இடத்தில் நேராக ஓட்டிப் போயிருக்கிறான்.

தெக்லா அழவில்லை. "கிடைச்சுட்டான். உள்ளேதான் இருக்கான். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, இல்லையா ஹிலார்?" என்றாள். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"ஆமாக்கா. தெரிஞ்சே இருக்காது அவனுக்கு," என்றான் ஹிலார்.

"அத்தே," என்றாள் ஸீனா.

அவள் பள்ளத்தைப் பார்க்கவில்லை. வரப்பின்மேல், அவர்களிடமிருந்து ஆறேழு அடி தள்ளி, வேரோடு சாய்ந்து கிடந்த ஆல்டர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மரத்துக்கு அடியில் ஒரு ரப்பர் பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது.

ஹிலார் பாசியை விலக்கினான். எலும்புகள். ஒரு கால் எலும்பு முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் இரண்டு பக்கமும் கழி வைத்து, பெல்ட்டால் நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குப்பி, பெரிய ஸ்பேனர் ஒன்று. ஆளைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம், முழங்கை ஆழம். கறுப்பு மண்ணை மணல் தெரிகிறவரை தோண்டி எடுத்திருந்தது.

"தீ அடியில ஊர்ந்து வராம இருக்க வெட்டியிருக்கான். வட்டத்துக்குள்ள பாரு, வேர்கூடக் கருகல. கெட்டிக்காரன்! காலொடிஞ்சு, ஸ்பேனரை வச்சு இதை வெட்டணும்னா குறைஞ்சது ஒண்ணரை நாள்..." ஹிலாருக்கு வாய் எப்போதும் முன்னால் போகும். புத்தி பிறகுதான் வரும். பாதியில் நிறுத்தினான். ரொம்பத் தாமதம்.

தெக்லா வட்டத்துக்கு வெளியே மண்டியிட்டு, விழுந்த மரத்தின் வேரைத் தொட்டுப் பார்த்தாள். கருகியிருந்தது. மரம் வட்டத்துக்கு வெளியே நின்ற மரம். வெளியே வேர் எரிந்து, உள்ளே அவன்மேல் விழுந்திருக்கிறது. மரங்கள் விழ ஆரம்பித்தது மூன்றாம் நாள். அவள் வரப்பின் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அன்றைக்கு.

"டிராக்டர்லேர்ந்து ஏறி வந்துட்டான்," என்றாள். "வரப்பு எங்கே இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சொல்லவே இல்லையே. தெரிஞ்சுவச்சிருக்கான். அம்மா இந்த வழியாத்தான் வருவான்னு இங்கே வந்து உக்காந்திருக்கான். மூணு நாள் உக்காந்திருக்கான். நான் எல்லாரையும் வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அக்கா, அப்படிப் பேசாதீங்க. நாங்களும்தான் தலையாட்டினோம். முறை அப்படி."

"தண்ணிக்கு அது முறை. தீக்கு அது என்ன?" என்றாள் தெக்லா.

ஸீனா பூட்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து, அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினாள். சத்தமே போடவில்லை.

"ரெண்டாம் நாள் கூப்பிட்டாரு. எனக்கும் கேட்டுச்சு. அவர் குரல்னு எனக்குத் தெரியும். ராத்திரி பகலா கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? நீங்க திரும்பாதேன்னீங்க. நான் காஞ்ச தரையில பொறந்தவ, எனக்கெதுக்கு உங்க ஜன்னல் கதை? ஆனா நான் திரும்பல. உங்களைத் திட்டவும் எனக்கு வாய் இல்லாமப் பண்ணிட்டீங்க அத்தே."

மிகித்தாவைச் சிதாருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். எங்கள் வழக்கப்படி மேலே செதுக்கின ஓக் கட்டை வைத்து, சிலுவைக்குத் துணி கட்டினார்கள். அன்றைக்கு ஊர் முழுக்க தெக்லாவின் பின்னால் அந்த ஏழு வளைவில் நடந்தது. அக்டோபர் முதல் தேதி மதகுகளை அடைத்தார்கள். ஸீனா குளிர்காலம் முழுவதும் தெக்லாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், உப்பை எட்டி எடுத்துக்கொண்டார்கள். நவம்பரில் தெக்லாவே மகனுக்குக் கரண்டி வைத்தாள். ஸீனா அதையும் பார்க்காதது போல எழுந்து போனாள்.

அடுத்த இலையுதிர்காலத்துக்குள் தண்ணீர் நன்றாக ஏறிவிட்டது. நாணல் வந்தது, தவளை வந்தது, அர்த்தூரின் குருவிகளும் வந்தன. அவன் தேன் டப்பாவோடு வந்து எல்லாருக்கும் கை கொடுத்தான். கொசுவும் வந்தது, அதற்கு யாரும் கை கொடுக்கவில்லை. பெரிய ஜன்னல் இருந்த இடத்தில் பழையபடி பச்சை வட்டம் போட ஆரம்பித்தது.

அந்த அக்டோபரில் பக்கத்து ஊர் ஃபெதோரா பழம் பொறுக்க வந்து, மறுநாள் காலைவரை வீடு திரும்பவில்லை. மணியடித்து ஊரைக் கூட்டினார்கள். ஹிலார் ஆட்களைப் பிரித்தான். நீ படகுத்துறை, நீ காட்டோரம், நாங்கள் வைக்கோல் போர். தெக்லா நீளமான கழி ஒன்றை எடுத்துக்கொண்டு வரப்பை நோக்கி இறங்கினாள். அறுபத்தேழு வயதில், தொடையளவு குளிர்ந்த தண்ணீரில்.

"அக்கா, எங்கே போறீங்க?" என்று கத்தினான் ஹிலார். "இப்போ தண்ணி வந்துடுச்சே! அங்கே விழுந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். இப்போ பழைய முறைதான் சரி!"

"சரியாவே இருக்கட்டும்," என்றாள் தெக்லா, திரும்பாமலே. "நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

முறை சரியாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் ஃபெதோராவை ஒரு வைக்கோல் போரில் கண்டுபிடித்தார்கள். வழி தவறி, நனைந்து, உள்ளே புகுந்து தூங்கிப்போயிருக்கிறாள். ஆள் கிடைத்ததற்கு மூன்று தடவை மணியடித்தார்கள். எல்லாரும் வோட்கா ஊற்றி, அவளைத் திட்டி, சிரித்து முடித்தார்கள். தெக்லா மட்டும் வரவில்லை.

ஸீனா ஒரு போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினாள். அத்தையின் பின்னால் இரண்டே இரண்டு தடவை நடந்த வழி. முழங்காலை மடித்து, பாதத்தைப் பரப்பி, மெல்ல வைத்துப் போனாள். மூன்றாவது வளைவில் தெக்லா தண்ணீருக்குள் கழியை ஊன்றிக்கொண்டு நின்றாள். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"ஆள் கிடைச்சாச்சு அத்தே. வாங்க."

ஒரு வருஷத்தில் முதல்தடவையாக அவள் அத்தை என்று கூப்பிட்டாள்.

"தெரியும். மணி கேட்டுச்சு," என்றாள் தெக்லா.

"அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?"

தெக்லா அந்தப் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "மிகித்தா!" என்று கூப்பிட்டாள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் விடுவார்களோ அவ்வளவு நேரம் விட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

ஸீனா போர்வையை அவள் தோளில் போர்த்தினாள். இழுத்துக்கொண்டு போகவில்லை. பக்கத்தில் நின்று, தானும் கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தாள்.